அடி காணாக் கிணறும் ஆராயும் மனமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்திலே தோன்றி அராலிக் கடலேரியை நோக்கிச் செல்லும் வழுக்கையாறும் மாரிகாலத்தில் மாத்திரம் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே இந்நாட்டின் செல்வம். அம்மழையில் ஒரு பங்கு கடலுக்கு ஓடும்; ஒரு பங்கு வெயிலில் உலரும்; எஞ்சியது மண்ணையும் அதன் கீழுள்ள சுண்ணக்கல்லையும் ஊடறுத்து நிலத்தினுள் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத இடத்திலே போய்ச் சேர்ந்த அந்த நீரை நம்பியே நம் முன்னோர் குடியமர்ந்தனர்; கோயில் எடுத்தனர்; புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். ஆகவே, காணாத ஒன்றைப் பற்றி எண்ணுதல் எம்மவர்க்கு வெறும் வேதாந்தப் பேச்சன்று. அன்றாடச் சோற்றோடு சேர்ந்த அறிவாகும்.

காணாத ஒன்றின் முன்னே மனிதன் மூன்று வகையாக நிற்கலாம். ஒன்று, அஞ்சி விலகி நிற்றல். மற்றொன்று, அளவற்றது என்று வியந்து அமைதல். மூன்றாவது, அஃது எத்தன்மையது என வினவி, ஒரு கயிற்றையேனும் இறக்கிப் பார்த்தல். இம்மூன்றையும் ஒரே இடத்திலே காண விரும்புவோர் புத்தூரை அடுத்த நவக்கிரிக்குச் செல்லலாம். அங்கேதான் நிலாவரைக் கிணறு இருக்கின்றது.

நிலாவரையைப் பற்றிய கதையை அறியாதார் எம்மிடையே இல்லை. இராமபிரான் தம் படையின் தாகந் தணிக்க அம்பை ஊன்றிய இடம் அஃது என்பர். அதற்கு அடியில்லை என்பர். அங்கே போட்ட எலுமிச்சங்காய் கீரிமலைக் கேணியிலே மிதக்கும் என்பர். சிறுவர்களைக் கிட்டப் போகவிடாது தடுத்த தாய்மாரும், அள்ள அள்ளக் குறையாத நீர் எங்களூரில் உண்டு எனப் பெருமை பேசிய பெரியோரும் அக்கதையை வழிவழியாகக் காத்து வந்தனர்.

இக்கதைகளை மூடக்கதை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அவற்றுள்ளே பொதிந்து கிடக்கும் கண்ணறிவைக் காணுதல் வேண்டும். நீர் மேலிருந்து வந்து தேங்கியதன்று, பிளந்த பாறையின் உள்ளிருந்து வருவது என்பதை அம்புக்கதை சொல்லுகின்றது. உள்நாட்டு நீருக்கும் கடற்கரை ஊற்றுக்கும் நிலத்தின்கீழ்த் தொடர்புண்டு என்பதை எலுமிச்சங்காய்க் கதை சொல்லுகின்றது. கடலலை மோதும் கீரிமலைக் கரையிலே நன்னீர் ஊறுவதைக் கண்ட ஒருவன், அந்நீர் எங்கிருந்து வருகின்றது எனக் கேட்டிருத்தல் வேண்டும். கேட்டவனுக்குக் கிடைத்த விடையே கதையாயிற்று. கதையைக் கேட்டவர்கள் வினாவை மறந்து விடையை மட்டும் வைத்துக்கொண்டமையே பிற்காலத்துக் குறை.

இனிக் கயிறு இறக்கியோர் கதையைப் பார்ப்போம். 1845 முதல் 1850 வரை இலங்கையிலே குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர் சேர் ஜேம்ஸ் எமெர்சன் ரெனன்ற். இவர் 1859 இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலிலே புத்தூர்க் கிணற்றைக் குறிப்பிடுகின்றார். சுற்றுப்புற நிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 15 அடி உயரமே உடையது. கிணற்றின் ஆழமோ 140 அடிக்கு மேற்பட்டது என எழுதுகின்றார். அஃதாவது எம்மவர் கணக்கில் 23 பாகத்துக்கு மேல். அடியில்லை என்ற கிணற்றுக்கு அடி கண்டாயிற்று. ஆனால் அடி கண்டவுடன் வியப்பு ஒழிந்துவிடவில்லை, அது பெருகியது. மேலே நன்னீர், கீழே செல்லச் செல்லச் சவர், அதற்குங் கீழே கடும் உவர் என்பதும் அந்நூலிலே உள்ளது. கிணறு கடலோடு நிலத்தடி வழியால் இணைந்து காங்கேசன்துறைப் பக்கத்திலே வெளிப்படுகின்றது என்ற ஊர்மக்கள் நம்பிக்கையையும் ரெனன்ற் எழுதி வைத்துள்ளார்.

அவர் கூறும் மற்றொரு செய்தி தெல்லிப்பழையில் நிகழ்ந்தது. அங்கே கிணறு வெட்டியோர் 14 அடி ஆழத்திலே கடுங்கல்லை அடைந்தனர். அக்கல் உடைந்து விழவே, கீழே ஒரு குகை தெரிந்தது. அதனுள்ளே 33 அடிக்கு மேற்பட்ட ஆழத்துக்கு நீர் நின்றது. தாம் நின்று வேலை செய்த பாறை ஒரு கூரை என்பதை அத்தொழிலாளர் அப்பொழுதே அறிந்தனர். எம் காலடியில் உள்ளது திடமான நிலம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அதன் பல இடங்கள் உள்ளே வெறுமையாய் இருக்கின்றன.

அவ்வெறுமை எப்படி உண்டாயிற்று? எமது சுண்ணக்கல் மயோசீன் என்னும் பழங்காலத்திலே கடலடியிற் படிந்தது. மழைநீர் வானிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. அவ்வமிலநீர் கல்லின் வெடிப்புக்களில் இறங்கி, நூறாயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்து, வெடிப்பை வழியாக்கி, வழியைக் குகையாக்கியது. குகையின் கூரை இற்று விழுந்த இடமே நிலாவரை போன்ற பள்ளம். இத்தகைய பள்ளங்களை இடிகுண்டு என்று ஊரார் அழைப்பது எவ்வளவு பொருத்தம்! நிலத்தின்கீழ் அமைந்த அறையை நிலவறை என்பது தமிழ் வழக்கு. நிலாவரை என்னும் பெயர் அச்சொல்லோடு ஒலியால் நெருங்கி நிற்பதும் நோக்கத்தக்கது.

குகை பிறந்த வரலாறு இது. ஆயின் உவர்நீரின் மேலே நன்னீர் எப்படித் தங்கியது? இவ்வினாவுக்கு விடை கூறத் துணிந்தவர்களுள் ஒருவர் சாள்ஸ் டார்வின். அவர் இலங்கைக்கு வந்தவரல்லர். 1836 ஏப்பிரலில் இந்து சமுத்திரத்துக் கீலிங் தீவுகளிலே தங்கியபோது, முருகைக்கல் தீவின் கிணறுகளில் நன்னீர் இருப்பதையும், அது கடலின் வற்றுப்பெருக்கோடு ஏறி இறங்குவதையும் கண்டார். மழைநீர் கடல்நீரினும் எடை குறைந்தது. ஆதலால் பஞ்சுபோன்ற கல்லினுள்ளே அது உவர்நீரின்மேல் மிதக்கின்றது என்பது அவர் கருத்து. ரெனன்ற் இக்கருத்தை எடுத்துக்கூறியும் முழுதும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடல்நீர் கல்லினூடே வடிந்து உப்பு நீங்குதலும் கூடும் என எண்ணினார். பிற்கால ஆய்வு டார்வின் பக்கமே நின்றது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளை நேரிற் கண்டவர் தவறினார்; எங்கோ ஒரு சிறு தீவிலே நின்று வினவியவர் உண்மையை அணுகினார். கண்டால் மட்டும் போதாது, கண்டதைப் பலமுறை புரட்டிப் பார்த்து வினவுதலும் வேண்டும் என்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

இதனைக் கணக்காக்கித் தந்தோர் இருவர். ஒல்லாந்தப் படைப் பொறியியலாளராகிய பாடன் கைபென் 1880களின் இறுதியிலும், ஜேர்மனியராகிய ஹேர்ஸ்பேர்க் 1901 இலும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். நன்னீரின் எடை 1000 பங்கு எனின், அதே அளவு கடல்நீரின் எடை ஏறத்தாழ 1025 பங்கு. இச்சிறு வேறுபாட்டினால், கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும். நடுத் தடித்து ஓரம் மெலிந்த வில்லைபோல அந்நன்னீர் உவரின்மேல் மிதக்கின்றது. குடாநாட்டில் இலட்சக்கணக்கானோர் நெடுங்காலமாகக் குடித்து வந்தது அவ்வில்லையிலிருந்துதான்.

இனி, இக்கணக்கைத் திருப்பிப் பார்ப்போம். 1 அடி உயர்ந்து நின்றால் 40 அடி நன்னீர் எனின், அந்த 1 அடியை நாம் இறைத்துக் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உவர்நீர் மேலெழ இடமுண்டு. இங்கேதான் பழைய பெருமையின் ஆபத்து வெளிப்படுகின்றது. புத்தூர்க் கிணற்றிலே பாசனத்துக்காக ஒரு நீராவி இயந்திரம் அமைக்கப்பட்டதென்றும், அஃது இறைத்தும் நீர்மட்டம் குறிப்பிடத்தக்க அளவு தாழவில்லையென்றும் ரெனன்ற் எழுதுகின்றார். பார்த்தவர்கள் நீர் முடிவற்றது என மகிழ்ந்திருப்பர். ஆயின் தாழாத நீர்மட்டம் முடிவின்மைக்குச் சான்றாகாது. இறைத்த இடத்தை நிரப்பப் பக்கத்துக் குகைகளிலிருந்து நீர் ஓடிவருகின்றது. அதுவும் போதாதவிடத்து, கீழே கடல் காத்திருக்கின்றது. எமது கிணறுகளிலே நீர் குறையுமுன் நீரின் இனிமை குறைந்துவிடும். கயிற்றை மட்டும் பார்ப்பவனுக்கு இது தெரியாது. சுவைத்துப் பார்ப்பவனுக்கே தெரியும்.

துலா மிதித்து நீர் இறைத்த காலத்திலே இந்த ஆபத்துக்கு இயற்கையான ஓர் எல்லை இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் வாய்க்காலிலே நின்று பாத்திக்கு நீர் கட்டுவார். கால் ஓய்ந்தால் கிணறும் ஓய்வு பெறும். 1950களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டந்தோறும் பரவின. உழைப்பின் கொடுமை தணிந்தது நன்றே. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கிணற்றுக்கு இருந்த ஓய்வும் அதனோடு போயிற்று. கரையோரக் கிணறுகள் பல சவராயின.

நிலத்தினுள் இறங்குவது மழைநீர் மட்டுமன்று. தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே வெடிப்புக்களால் இறங்குகின்றன. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதனை விஞ்சிய கிணறுகள் குடாநாட்டிலே பல என்பதை 1980கள் முதல் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தமை பெரும் வழக்காகி, 2019 இல் இலங்கை உயர் நீதிமன்றம் வரை சென்று தீர்ப்புப் பெற்றது. ஒரு வளவிலே ஊற்றியது வேறொரு வளவுக் கிணற்றிலே தோன்றும் என்பதை எலுமிச்சங்காய்க் கதை முன்னரே எமக்குச் சொல்லியிருந்ததன்றோ? அக்கதையை நம்பினோம், அதன் பொருளை ஆராயவில்லை.

ஆராய்ந்தோரும் எம்மிடையே இருந்தனர். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ எனப் பெயர்பெற்ற திட்டத்தை முன்வைத்தார். வீணே கடலிற் கலக்கும் மழைநீரை ஆனையிறவுக் கடலேரியிலே தேக்கி, வாய்க்கால் மூலம் குடாநாட்டின் உட்கடலேரிகளுக்குக் கொண்டுவந்து, அவற்றை ஆண்டுதோறும் இனிமையாக்கி, அதனால் நிலத்தடி நன்னீரைப் பெருக்குதல் அதன் நோக்கம். வேலையிற் சில பகுதிகள் நடந்தன, முழுத்திட்டம் நிறைவெய்தவில்லை. ஆறில்லாத நாடு எனப் பெருமூச்சு விட்டு அமர்ந்திராது, ஆற்றை ஏன் ஆக்கக்கூடாது என ஒருவர் கேட்டாரே, அக்கேள்வியை இளைஞர் மறத்தலாகாது.

கேள்வி கேட்டல் பெரியோருக்கு அடங்காமை எனக் கருதுவோர் சிலர் உளர். அவர்கள் கடோபநிடதத்தை நினைவுகூர்தல் நன்று. யமன் வாயிலிலே மூன்று நாள் காத்திருந்த சிறுவன் நசிகேதன், இறந்தபின் மனிதன் உளனோ இலனோ என்று கேட்டான். பொன்னும் பசுவும் நீண்ட ஆயுளும் தருகின்றேன், இதனை மட்டும் கேளாதே என்றான் யமன். சிறுவன் அவற்றை வேண்டாது தன் வினாவிலேயே நின்றான். யமன் சினந்தானல்லன், இத்தகைய மாணவன் கிடைத்தானே என மகிழ்ந்தான். எல்லாவற்றிலும் பெரிய வெறுமையின் முன்னே நின்ற அச்சிறுவனைக் காத்தது பலமன்று, செல்வமன்று. அறியவேண்டும் என்ற ஆசை ஒன்றே. அவனது பணிவுக்கும் அவ்வாசை இழுக்காகவில்லை.

எனவே, சங்கத்து இளைஞர்க்கு ஒரு சிறு வேண்டுகோள். நிலாவரைக்குச் சென்று திரும்புவதோடு அமையற்க. உங்கள் வீட்டுக் கிணற்றிலே முடிச்சிட்ட கயிறொன்றை இறக்கி, தரையிலிருந்து நீர் எத்தனை அடியில் நிற்கின்றது எனத் திங்கள்தோறும் அளந்து ஒரு கொப்பியிலே எழுதுங்கள். மாரிக்கு முன் ஒருமுறையும் மாரிக்குப் பின் ஒருமுறையும் நீரைச் சோதனைக்கு அனுப்பி, உப்பும் நைத்திரேற்றும் எவ்வளவு என அறிந்து அதனையும் எழுதுங்கள். பெரியோர்களே, உங்கள் இளமையிலே எந்தக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறாக இருந்தது, எந்த ஆண்டுக் கோடையிலே எது சவராயிற்று என்பவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதுவியுங்கள். அவை வேறெந்தப் புத்தகத்திலும் இல்லை. ஓர் ஊரில் 20 வீட்டார் 10 ஆண்டு இவ்வாறு எழுதிவைத்தால், அவ்வூரின் அடியில் மிதக்கும் நன்னீர் வளர்கின்றதா தேய்கின்றதா என்பதை அவ்வூராரே சொல்லலாம். எத்தனை அடி இறைப்பது, எங்கே நிறுத்துவது, எந்தக் குளத்தை முதலில் தூர்வாருவது என்று முடிவு செய்வதற்கு அந்தக் கொப்பிகள் உதவும்.