தராதரப்பத்திரமும் தகுதியும்: யோகப் பயிற்சிச் சான்றிதழ்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

ஒருவர் யோகம் கற்பிக்கத் தகுதியுடையவர் என்பதை உறுதிப்படுத்துவோர் யாவர்? மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பல்கலைக்கழகமும் அரசும் அத்தகுதியை வழங்குகின்றன. யோக, தியான ஆசிரியருட் பெரும்பாலோர் கையிலிருப்பதோ தனியார் நிறுவனமொன்றின் சான்றிதழே. அரச அங்கீகாரம் இன்மையால் அவை யாவும் பெறுமதியற்றவை என்பாருமுளர். பழைய மரபொன்றின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தாற் போதும் என்பாருமுளர். சான்றிதழ் தோன்றிய வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரு கூற்றுகளும் முழுமையற்றவை என்பது புலனாகும்.

பழைய மரபிற் குருபரம்பரையே சான்றாக விளங்கிற்று. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை தொடக்கத்திலேயே ஆதிநாதர் முதலான சித்தர்களின் பெயர்நிரலைத் தருகின்றது. யாருடைய வழியில் வந்தவர் என்பதே ஆசிரியரின் தகுதியைக் காட்டிற்று. எனினும் மரபு குருவை ஐயுறவும் அறிந்திருந்தது. திருமந்திரத்தின் ஏழாந் தந்திரத்திற் சற்குரு நெறிக்கு மாத்திரமன்றி அசற்குரு நெறிக்கும் தனிப்பகுதி உண்டு. போலி ஆசிரியர் பற்றிய கவலை சான்றிதழுக்கு மிக முந்தியது. ஆயினும் அக்காலத்தில் ஆசிரியரை அறிந்தோர் அயலில் வாழ்ந்தனர். அவரை விசாரித்தறிய வழியிருந்தது.

20ஆம் நூற்றாண்டில் யோகம் கடல் கடந்தபோது அவ்வழி அடைபட்டது. அந்நிய நகரொன்றில் வகுப்பு நடத்துபவரைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? இவ்வினாவுக்கு 1969ஆம் ஆண்டையொட்டி மூன்று வேறுபட்ட விடைகள் தோன்றின.

முதலாவது, கற்கைநெறியும் சான்றிதழும். திருநெல்வேலிப் பகுதியின் பத்தமடையிற் பிறந்து, மலாயாவில் மருத்துவராயிருந்து, பின் ரிஷிகேசத்தில் துறவியாகி, 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவியவர் சுவாமி சிவானந்தர். அவரது சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேற்கு நோக்கிச் சென்று, கனடாவின் மொன்றியல் நகரில் நிலையமொன்றை அமைத்தார். 1969இல் ஆசிரியர் பயிற்சிக் கற்கைநெறியைத் தொடங்கினார். பல்லாண்டு குருகுலவாசத்தின் இடத்தைச் சில வாரப் பயிற்சி பெற்றது. பரம்பரையின் பெயர் தாளிற் பொறிக்கப்பட்டது. சிவானந்தரின் இன்னொரு சீடரும், 1953 முதல் இலங்கையிற் பணியாற்றியவருமான சச்சிதானந்தர் 1966இல் நியூயோர்க் சென்றமையும் இவ்வலையின் பகுதியே.

இரண்டாவது, பொது அதிகாரத்தின் அங்கீகாரம். பூனாவில் 1937 முதல் கற்பித்துவந்த பி. கே. எஸ். ஐயங்கார் அந்நாளிற் பல்கலைக்கழகப் பட்டம் எதனையும் பெற்றிராதவர். 1952இல் வயலின் மேதை யெகுடி மெனுகின் அவரிடம் பயின்றார். பின்னர் தமது மிகச் சிறந்த வயலின் ஆசிரியர் எனப் பாராட்டும் வாசகம் பொறித்த கைக்கடிகாரமொன்றை அவருக்குப் பரிசளித்தார். ஐரோப்பாவில் ஐயங்காரின் முதற் சான்றிதழ் அக்கடிகாரமே எனலாம். 1969–70 காலப்பகுதியில் உள்நகர் இலண்டன் கல்வி அதிகாரசபை, வளர்ந்தோர் கல்வி வகுப்புகளில் அவரது முறையிற் பயின்ற ஆசிரியர்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆசனமும் பிராணாயாமமும் மட்டுமே கற்பிக்கப்படலாம், தத்துவம் தவிர்க்கப்படவேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது. அரசு தன்னால் அளந்தறியக்கூடியதையே அங்கீகரிக்கும். எஞ்சியது வாசலுக்கு வெளியே நிற்கும். அங்கீகாரத்தின் விலை இதுவாயிற்று.

மூன்றாவது, சான்றிதழே இல்லாத முறை. பர்மாவின் கணக்காளர் நாயகமாயிருந்த ஊ பா கின் என்பாரிடம் விபாசனைத் தியானம் கற்ற எஸ். என். கோயங்கா, 1969இல் இந்தியாவிற் கற்பிக்கலானார். அவரது பத்துநாட் பயிற்சிக்குக் கட்டணமில்லை. பயின்றோருக்குப் பத்திரமும் இல்லை. 1980களில் தம்மிடம் நீண்டகாலம் பயின்றோரைத் துணையாசிரியராக நியமித்தார். விற்பதற்குச் சான்றிதழ் இன்மையால் போலிச் சான்றிதழுக்கும் இடமில்லாதுபோயிற்று.

இவற்றுட் சந்தைக்கு மிக இசைந்தது முதலாவதே. 1999இல் ஐக்கிய அமெரிக்காவில் யோகா அலையன்ஸ் என்னும் அமைப்பு 200 மணிநேரப் பயிற்சி என்ற அளவுகோலை வகுத்து, பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவுசெய்யத் தொடங்கிற்று. ஆசிரியரைத் தானே பரீட்சித்து அது சான்றிதழ் வழங்குவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாத மாணவர் பதிவையே பரீட்சையெனக் கொண்டனர். அரசு தலையிடாமல் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்வதும் அப்பதிவேட்டின் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் 2009இல் நியூயோர்க் மாநில அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகளை உரிமம் பெறுமாறு கோரியபோது, பள்ளிகளைக் கண்டறிய உதவியது அப்பதிவேடே. பள்ளிகள் ஒன்றுதிரண்டு எதிர்த்தமையால் அம்முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியாவிலோ 2015இல் அரசின் துணையுடன் தன்விருப்பச் சான்றளிப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, 2018இல் யோகச் சான்றளிப்புச் சபையும் அமைக்கப்பட்டது. கட்டாயச் சட்டமாக்க அங்கும் முனையவில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கின், அங்கீகாரமின்மை மட்டும் போலித்தன்மைக்குச் சான்றாகாது. ஐயங்காரும் அங்கீகாரமின்றித் தொடங்கியவரே. அதுபோலவே மரபின் பெயரும் முழுக் காவலன்று. புகழ்பெற்ற யோகப் பரம்பரைகள் சிலவற்றில் ஆசிரியர்கள் மாணவரிடம் அத்துமீறியமை அண்மைக்காலத்தில் வெளிப்பட்டுள்ளது. அங்கெல்லாம் பரம்பரை இருந்தது, முறையிடுவதற்கு இடமிருக்கவில்லை.

ஆதலின் ஒரு சான்றிதழை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். பயிற்றியவர் யார்? அவர் இம்மாணவரை எவ்வளவு காலம் நேரிற் கண்டார்? பிழை நேரின் யாரிடம் முறையிடலாம்? முதலிரண்டுக்கும் தாளிலேயே விடை இருக்கக்கூடும். மூன்றாவதைத் தாள் கூறாது. வழங்கிய நிறுவனத்தின் நடத்தையே கூறும். தன் உடலையும் மனத்தையும் பிறரொருவர் கையில் ஒப்படைக்கும் மாணவருக்கு இம்மூன்றாம் வினாவே முதன்மையானது. அதற்கு விடையிறுக்கும் நிறுவனத்தின் சான்றிதழ், அரச முத்திரை பெறாவிடினும் மதிப்புக்குரியதே.