பழவேற்காட்டுக் கட்டமும் கோடும்

கறுப்பின மக்களும் ஜப்பானியரும் ஒருவர் கலையை மற்றவர் எடுத்தாண்ட கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அனிமேயில் தொடங்குவார்கள். ஷினிசிரோ வதனபே இயக்கிய 'சாமுராய் சாம்ப்ளூ' (2004) தொடரில் எடோ காலத்து வாள்வீரர்கள் ஹிப்-ஹாப் தாளத்தில் மோதினார்கள். இசையமைத்தவர்களில் ஒருவர் நுஜாபெஸ். தகாஷி ஒகசாக்கியின் 'ஆஃப்ரோ சாமுராய்' 2007இல் அனிமேயானபோது நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் சாமுவேல் எல். ஜாக்சன், இசை தந்தவர் ஹிப்-ஹாப் கலைஞர் ரிஸா. நல்ல தொடக்கம்தான். ஆனால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவில் நின்று பார்ப்பவருக்கு இதன் முன்கதை இந்த ஏரியின் முகத்துவாரத்திலேயே கிடைக்கிறது. இரண்டு உலகங்களுக்கும் இங்கிருந்து துணி போனது.

டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரம் இங்கிருந்துதான் நடந்தது. கடலோர மணலில் வளரும் சாயவேரில் சிவப்பும் அவுரியில் நீலமும் ஏற்றிய துணி மூட்டைகள் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போயின. அங்கிருந்து ஒரு பங்கு ஜப்பானுக்கு. 1641 முதல் நாகசாகியின் தேஜிமா என்ற செயற்கைத் தீவில்தான் டச்சுக்காரர்கள் தங்க முடிந்தது; ஐரோப்பியரில் வேறு யாருக்கும் அனுமதி இருக்கவில்லை. அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஆட்களையும் ஏற்றினார்கள். 1620களின் தொடக்கத்தில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகளாகப் போனார்கள். கோட்டையின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஜப்பானில் நம் கரைத் துணி இரண்டு விதமாக வாழ்ந்தது. பூவேலை அச்சுத்துணிக்கு 'சரசா' என்று பெயர். தேநீர்ச் சடங்கில் ஊறியவர்கள் அதன் துண்டுகளில் கிண்ணப் பைகளும் புகையிலைப் பைகளும் தைத்துக்கொண்டார்கள். மிஞ்சிய கையகலத் துணுக்கையும் எறியாமல் ஆல்பத்தில் ஒட்டிவைத்தார்கள். 1778இல் சரசா வடிவங்களுக்கென்றே ஒரு கையேடு அச்சாகிவிட்டது. ஹிகோனே பிரபுக்களான ஈயி குடும்பம் சேர்த்த 450 துண்டுகள் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்னொன்று கோடு போட்ட பருத்தித் துணி. மயிலாப்பூர் சாந்தோமின் பெயரால் அதைச் 'சாந்தோமே' என்றார்கள். நகரத்து வணிகர் பகட்டாக உடுத்தக் கூடாது என்று எடோ அரசு அடுத்தடுத்துக் கட்டளை போட்ட காலம் அது. சாந்தோமே பருத்திதான், ஆகவே சட்டத்துக்குள் அடங்கும். கடல் கடந்து வந்தது, ஆகவே எளியவர் கைக்கு எட்டாது. அடங்கிய நிறத்தில் மெல்லிய கோடு ஓடும் ஆடை எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து ரசனையின் அடையாளமானது. கபுகி நாடக நடிகர்கள் கோடு போட்ட ஆடையை மேடையேற்றினார்கள், மரஅச்சு ஓவியங்கள் அதைத் தெருவெங்கும் பரப்பின. அன்றைய சினிமாவும் போஸ்டரும் அவைதாமே! பிறகு கவாகோயே போன்ற ஊர்களில் அதை உள்ளூரிலேயே நெய்யத் தொடங்கினார்கள்.

கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி எதிர்த்திசையில் போனது. 'புலிகாட்' என்ற பெயரிலேயே அது ஐரோப்பியச் சந்தைகளில் விலைபோனது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நெசவாளர்களே அதை நகலெடுத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்க ஐரோப்பியர் கொடுத்த சரக்கில் இந்தியத் துணிக்குப் பெரிய இடம் உண்டு.

நைஜர் ஆற்றின் கழிமுகத்தில், அலையாத்திக் காடுகளுக்கு நடுவே புகுமா, அபொன்னேமா போன்ற தீவு ஊர்களில் கலபாரி மக்கள் வாழ்கிறார்கள். நம்மைப்போலவே உப்பங்கழியில் மீன்பிடித்தவர்கள். அடிமை வியாபாரத்திலும் பின்னர் பனையெண்ணெய் வியாபாரத்திலும் இடைத்தரகர்களாகச் செல்வம் சேர்த்தவர்கள். சென்னைக் கட்டத் துணியை அவர்கள் 'இன்ஜிரி' என்கிறார்கள். பெட்டி நிறையத் துணி சேர்த்துவைத்து, வீட்டில் பெரியவர் இறந்தால் சடலம் கிடத்தும் கட்டிலையும் அறையையும் அந்தத் துணிகளால் அலங்கரிப்பது குடும்ப கௌரவம். வந்த துணியை வந்தபடியே விட அவர்களுக்கு மனம் வரவில்லை. கலபாரிப் பெண்கள் விரித்த துணியில் வெளிர்நிற இழைகளை ஊசிமுனையால் நெம்பித் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுத்துவிடுகிறார்கள். அறுபடாத இழைகள் சேர்ந்து நெசவாளி நினைத்தே பார்க்காத புது வடிவம் தெரிகிறது. துணியும் சல்லடை போல இளகிவிடும். 'பெலெட்டே பிட்டே' என்று இதற்குப் பெயர். நூலைக் கூட்டி அலங்கரிக்கும் கலைகள் எத்தனையோ உண்டு. நூலைக் கழித்தே அலங்கரிக்கும் இந்தத் துணிச்சல் என்னைத் திகைக்கவைக்கிறது.

அட்லாண்டிக்குக்கு அப்பால், 1786இல் லூயிசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தபான் மிரோ ஓர் ஆணை பிறப்பித்தார்: அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்களும் தலைமுடியைத் துணியால் மறைத்துக்கட்ட வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் பெண்கள் கட்டினார்கள்தான். சென்னைக் கட்டத்தின் பளிச்சென்ற நிறங்களில், உயர உயர, நகை செருகிக் கட்டினார்கள். அடக்கப் போட்ட ஆணை அலங்காரமாகத் திரும்பி வந்தது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் 'மத்ராஸ்' தலைக்கட்டு இன்றும் விழா உடை. ஜமைக்காவில் கவிஞர் லூயிஸ் பென்னட் சிவப்புக் கட்ட உடையில் மேடையேறி, படித்தவர்கள் முகம்சுளித்த நாட்டுப்பேச்சில் கவிதை சொன்னார். 1970 முதல் 1982 வரை ஓடிய 'ரிங் டிங்' தொலைக்காட்சி நிகழ்ச்சியால் அந்நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் அவர் 'மிஸ் லூ'.

எடோ வணிகரும் நியூ ஆர்லியன்ஸ் பெண்ணும் ஒருவரையொருவர் அறிந்தவர்களல்லர். துணி அவர்களைச் சந்திக்கவைத்தது என்று எழுதினால் அது கதைவிடுவது. ஆனாலும் மேலே இருப்பவன் போட்ட உடைச்சட்டத்தை இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், சட்டத்தை மீறாமலே தோற்கடித்தார்கள். அதற்கு இருவர் கைக்கும் வாய்த்தது ஒரே கரையின் பருத்தி. அனிமேயும் ஹிப்-ஹாப்பும் அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு, வெளியிலிருந்து வந்ததைத் தமதாக்கிக்கொள்ளும் இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பழைய ஜாஸ் தட்டுகளிலிருந்து துணுக்குகளை வெட்டி எடுத்து நுஜாபெஸ் புது இசை கோத்ததும் கலபாரிப் பெண் இழை அறுப்பதும் எனக்கு ஒரே குடும்பத்து வேலையாகத்தான் படுகிறது.

நெய்தவர்கள் பெயர் எந்தக் கணக்கேட்டிலும் நிற்கவில்லை, ஊர்ப்பெயர் நின்றது. மலேசியாவில் 'கைன் பெலிக்காட்' என்று கேட்டால் எடுத்துத் தரும் கட்டக் கைலி பழவேற்காட்டின் பெயரைத் தாங்கியதுதான். இனி ஊர் வரலாறு தொகுக்கப் போகிறவர்கள் கோட்டைச் சுவரையும் டச்சுக் கல்லறையையும் படமெடுப்பதோடு நிற்காமல், ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளின் பழைய பெட்டிகளையும் திறந்து பார்க்கக் கேட்க வேண்டும். பாட்டன் காலத்துக் கைலி ஒன்றாவது மடிப்புக் கலையாமல் கிடைத்தால், கட்டத்தின் அளவு, கரை, சாயம் எல்லாவற்றையும் குறித்துவைத்து, அதை உள்ளூர்ப் பள்ளியிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம்.