விசாரித்தலும் பார்வையிடுதலும்
திக்கற்ற பிள்ளைகள் ஊழியத்தில் நேர்ந்த ஒரு மாற்றம்

திக்கற்ற பிள்ளைகளைப் பேணுதல் திருச்சபையின் தொன்மையான ஊழியங்களுள் ஒன்று. ஆயினும் கடந்த சில பத்தாண்டுகளில் இவ்வூழியம் புதியதொரு வடிவம் பெற்றுள்ளது. மேலைநாட்டுச் சபைகளைச் சேர்ந்த இளைஞர், ஒரு வாரமோ இரு வாரமோ வேற்று நாடொன்றிற்குச் சென்று, அங்குள்ள அனாதை இல்லத்துப் பிள்ளைகளோடு விளையாடி, பாடல் கற்பித்து, சுவர்களுக்கு வண்ணம் பூசித் திரும்புகின்றனர். குறுகியகால அருட்பணி எனப்படும் இவ்வடிவம் எவ்வாறு தோன்றிற்று, நம் முன்னோர் ஆற்றிய பணிக்கும் இதற்கும் உள்ள உறவு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹாலேயும் பிரிஸ்டலும்

ஜெர்மனியில் ஹாலே நகரை அடுத்த கிளௌகாவில் போதகராயிருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, 1695ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதனின்று வளர்ந்த அனாதை இல்லத்தின் பெருங்கட்டடத்திற்கு 1698இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1727இல் இறக்குமளவும் அப்பணியே அவர் வாழ்வாயிற்று. இளமையிலேயே பெற்றோரை இழந்த சீகன்பால்க் ஹாலேயில் பயின்று, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1719இல் அங்கேயே மரித்தார் என்பதை நாம் அறிவோம்.

பிரஷ்யாவில் பிறந்த ஜார்ஜ் முல்லரும் ஹாலேயில் இறையியல் பயின்றவர். பிராங்கேயின் இல்லத்தில் சிலகாலம் தங்கியவர். 1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாடகை வீடொன்றில் அவர் தொடங்கிய ஊழியம், 1870அளவில் ஐந்து பெரும் இல்லங்களாய் விரிந்து, 2,050 பிள்ளைகளுக்கு இடமளித்தது. 1898இல் அவர் மரிப்பதற்குள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கு ஆதரவு பெற்றனர்.

முல்லரின் விதிகளுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. தாயும் தந்தையும் ஆகிய இருவரும் இறந்துபோன பிள்ளைகளையே அவர் ஏற்றார். முறையான மணத்தில் பிறந்தவர்களையே சேர்த்தது அவ்விதிகளின் குறை எனலாம். ஆயினும், ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்க்குமுன் அதற்குப் பெற்றோர் உண்டா எனக் கேட்டறிதல் அவர் ஊழியத்தின் முதற்படியாய் இருந்தது. பிராங்கே, முல்லர் இருவரிடமும் நாம் காணும் இயல்புகள் இரண்டு: ஒன்று, பிள்ளைகளோடு நிலைத்திருத்தல், மற்றொன்று, அவர்கள் நிலையைத் தீர விசாரித்தல்.

கைவிடப்பட்ட முறை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிய இல்லங்களைப் பற்றிய கருத்து மேலைநாடுகளில் மாறத் தொடங்கிற்று. பிரிட்டனில் 1946இல் வெளிவந்த கர்ட்டிஸ் குழுவின் அறிக்கையும், அதையொட்டி 1948இல் இயற்றப்பட்ட சிறார் சட்டமும் குடும்பச் சூழலில் வளர்ப்பதை வலியுறுத்தின. 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, இளங்குழந்தைக்கு மாறாத ஒருவரின் அன்பு இன்றியமையாதது என்று எடுத்துரைத்தது. முல்லர் கட்டிய இல்லங்களே 1958இல் விற்கப்பட்டன. அவர் நிறுவிய அமைப்பு சிறு குடும்ப இல்லங்களுக்கு மாறிற்று.

ஆனால் தம் நாட்டில் கைவிட்ட அதே முறையைப் பிற நாடுகளில் தாங்குவதற்கு அச்சபைகள் தயங்கவில்லை. 1957இல் ஜார்ஜ் வெர்வர் தம் நண்பர் இருவரோடு மெக்சிகோவிற்கு மேற்கொண்ட சுவிசேஷப் பயணமும், 1960இல் லோரன் கன்னிங்ஹாம் தொடங்கிய இளைஞர் இயக்கமும் குறுகியகால அருட்பணிக்கு வழிதிறந்தன. அவற்றின் முதல் நோக்கம் அனாதை இல்லங்கள் அல்ல, நற்செய்தி அறிவித்தலே. விமானப் பயணம் எளிதானபோது இப்பயணங்கள் பெருகின. அமெரிக்கச் சபையினருள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் இவ்வாறு அயல்நாடு சென்றனர் என்று சமூகவியலாளர் ராபர்ட் உத்னோ 2005ஆம் ஆண்டு ஆய்வைக்கொண்டு கணக்கிட்டார். மொழியறியாதவரும் சில நாள்களில் செய்யக்கூடிய பணியாக அனாதை இல்லம் தோன்றிற்று.

மூன்று நாடுகளின் சாட்சி

ருமேனியாவில் 1966ஆம் ஆண்டின் ஆணை கருக்கலைப்பைத் தடுத்துப் பிறப்பைப் பெருக்க முயன்றது. 1989 டிசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்தபோது, ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு விடுதிகளில் இருந்ததை உலகம் கண்டது. சபைகளும் உதவிக்கு விரைந்தன. பிற்காலத்தில் புக்காரெஸ்டில் 136 பிள்ளைகளை ஆராய்ந்த அறிஞர், வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டோர் விடுதியில் தங்கியோரைவிட அறிவுவளர்ச்சியில் மேம்பட்டனர் என 2007இல் வெளியிட்டனர். கட்டடத்தைச் சீர்செய்வதைவிடக் குடும்பத்தைத் தருவதே மருந்து என்பது இதனால் விளங்கிற்று.

கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே விடுதிகளின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அங்கிருந்த பிள்ளைகளுள் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடிருந்தனர் என்று அந்நாட்டு அரசும் யூனிசெஃபும் 2011இல் அறிவித்தன. வருவோரும் அவர்தம் காணிக்கையும் பெருகவே, அவர்களுக்குக் காட்டப் பிள்ளைகள் தேவைப்பட்டனர். வறுமையால் வருந்திய தாயிடம் கல்வியும் உணவும் தருவதாகக் கூறிப் பிள்ளையைப் பெறுவது கடினமன்று.

ஹெய்ட்டியில் 2010 ஜனவரி 12இல் நேர்ந்த நிலநடுக்கத்திற்குப்பின், அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளை எல்லை கடந்து டொமினிக்கன் குடியரசிற்குக் கொண்டுசெல்ல முயன்று, அம்மாதம் 29ஆம் நாள் தடுக்கப்பட்டனர். அப்பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. முல்லர் முதலில் கேட்ட கேள்வி இங்கே கேட்கப்படவில்லை.

இன்னொரு தீங்கும் உண்டு. புதியவரைக் கண்டதும் ஓடிவந்து தழுவும் பிள்ளையைக் கண்டு பார்வையாளர் உள்ளம் உருகுகின்றனர். இலண்டன் விடுதிகளில் வளர்ந்த சிறாரை 1970களில் ஆராய்ந்த பார்பரா டிசார்டும் அவர்தம் உடனாய்வாளரும், அப்பிள்ளைகள் நான்கரை வயதிற்குள் சராசரி 50 பேரின் கவனிப்பில் மாறிமாறி இருந்ததைக் கண்டனர். யாரென்று பாராமல் எவரையும் பற்றிக்கொள்ளுதல், நிலையான உறவின்மையின் அடையாளமாய் இருக்கக்கூடும். இரு வாரத்தில் பிரியும் ஒவ்வொரு நண்பரும் அக்காயத்தை மீண்டும் திறக்கிறார்.

வேதம் கூறும் விசாரிப்பு

யாக்கோபு 1:27 இவ்வூழியத்தின் ஆதாரமாய்க் காட்டப்படுகிறது. அங்குள்ள கிரேக்கச் சொல்லை ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பு சென்று காணுதல் எனப் பொருள்படும் சொல்லால் பெயர்த்தது. நம் தமிழ் வேதமோ விசாரித்தல் என்று மொழிந்தது. கண்காணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் அவ்வேரினின்றே பிறந்தது. தேவன் தம் மக்களை மீட்க வந்ததை உரைக்கும் லூக்கா 1:68லும் இச்சொல்லே உள்ளது. எனவே அது பொறுப்பேற்றலைக் குறிக்கும். பார்த்துத் திரும்புதலை அன்று.

மேலும், யாக்கோபு திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒருசேரக் கூறுகிறார். பழைய ஏற்பாட்டு வழக்கில் திக்கற்ற பிள்ளை பெரும்பாலும் தகப்பனை இழந்த பிள்ளை; அதன் தாயே அவ்விதவை. புலம்பல் 5:3 இதற்குச் சான்று. அவ்விருவரையும் பிரித்து, பிள்ளையை விடுதியிலும் தாயை வறுமையிலும் விடுவது வேதம் காட்டும் விசாரிப்பு ஆகாது.

நமக்குரிய கடமை

2009இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிகள் குடும்பத்தை முதன்மைப்படுத்துகின்றன. 2019 டிசம்பரில் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம் அனாதை இல்லத் தொண்டுப் பயணங்களின் தீங்கையும் சுட்டிற்று. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் விடுதியை இறுதி வழியாகவே கருதுகிறது.

அன்பின் தூண்டுதலால் வருவோரை நாம் இகழ வேண்டியதில்லை. ஆனால் நம் சபைகளின் இல்லங்களுக்கு அயல்நாட்டுக் குழுவொன்று வரவிழையும்போதும், நம் இளைஞர் அவ்வாறு வேற்றிடம் செல்லும்போதும், ஆயர் சில கேள்விகளை எழுப்புதல் வேண்டும். இப்பிள்ளையின் தாய் எங்கே? பயணத்திற்குச் செலவாகும் தொகையில் அத்தாய் தன் பிள்ளையை எத்தனை ஆண்டு தன்னோடு வைத்துக் காக்கக்கூடும்? வருவோர் பிள்ளைகளோடு பழகுவதைவிட, அவர்களை நாள்தோறும் வளர்ப்போர்க்குத் தம் தொழிலறிவைக் கற்பித்துச் செல்லலாகாதா? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை சில பயணங்களை நிறுத்தவும், சில இல்லங்களின் கதவைத் திறந்து பிள்ளைகளை வீடு சேர்க்கவும் நம்மை ஏவக்கூடும். அதற்கு ஆயத்தமாயிருத்தலும் ஊழியமே.