டேவிஸ் நகர நிர்மாணத்தில் மாணவர் பங்கு: ஒரு விசாரணை

கல்லூரி நகரங்களின் நிர்மாணத்தில் மாணவர்க்குரிய பங்கு யாது என்று வினவினால், அவர்கள் அழகிய வரைபடங்கள் தீட்டி நகரசபையாரிடம் சமர்ப்பிப்பார்கள், சபையாரும் மெச்சி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள் என்பதே பலரும் தரும் விடை. கலிபோர்னியாவில், சாக்ரமெண்டோ நகருக்கு மேற்கே, சர்வகலாசாலையைச் சுற்றி வளர்ந்த டேவிஸ் என்னும் சிற்றூரின் சரித்திரம் இவ்விடைக்கு இணங்குவதாயில்லை. அங்கே மாணவர் ஊரை மாற்றியது சித்திரங்களால் அன்று; அளந்தறிந்த உண்மைகளாலும் வாக்குச்சீட்டினாலுமே என்பதும், அவர்கள் செய்தவற்றுள் பிற்காலத்தாரையும் கட்டுப்படுத்தியது விதியாக எழுதப்பட்ட பகுதியே என்பதும் எமது துணிபு.

டேவிஸ் என்றதும் சைக்கிள் பாதைகளைக் கூறுவது வழக்கம். ஆனால், 1967-இல் அமைந்த அப்பாதைகளுக்காக முன்னின்று வாதாடியவர்கள், நெதர்லாந்தில் சில காலம் வாழ்ந்து திரும்பிய பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் சைல்டும் அவர் மனைவி ஈவும் ஆவர். அப்பெருமை முழுவதையும் மாணவர்க்குச் சூட்டுவது மிகையாகும். மாணவர் சங்கம் இரண்டு பழைய லண்டன் மாடிப் பேருந்துகளை வாங்கி, 1968 முதல் மாணவர்களையே ஓட்டுநர்களாக அமர்த்தி நடத்திய போக்குவரத்தோ அவர்களுக்கே உரியது.

1971-இல் அமெரிக்க அரசியல் சாசனத் திருத்தம் பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமை வழங்க, மறுவருடமே டேவிஸ் நகரசபைத் தேர்தலில் மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒருவரும், அவரோடு ஒத்த கருத்தினரும் வெற்றி பெற்றனர். இவ்வாறு செவிசாய்க்கும் சபை ஒன்று வாய்த்த பின்னரே, ஜொனதன் ஹாமண்ட் முதலிய ஆராய்ச்சி மாணவர்களின் முயற்சி பயன் தந்தது. ஒரே வளாகத்தில், ஒரே செங்கல்லாலும் ஒரே மரத்தாலும் கட்டிய வாடகை வீடுகளுள்ளும், மேற்கு வெயில் சன்னல் வழியே நேரே பாயும் வீடு கோடையில் அடுப்பாகக் காய, தெற்கும் வடக்கும் நோக்கிய வீடு தாங்கத்தக்கதாக இருந்ததை அவர்கள் வெப்பமானியாலும் மின்கட்டண ரசீதுகளாலும் பிரத்தியட்சமாக நிறுவினர். சன்னலின் பரப்பு, அதன் மேல் நிழல், சுவரிலும் கூரையிலும் வெப்பத்தடை ஆகியவற்றை நிர்ணயிக்கும் கட்டட விதியை 1975-இல் நகரசபை இயற்றியது இவ்வாராய்ச்சியின் பயனே. கொடி கட்டித் துணி உலர்த்தலாகாது என்று மனை விற்பவர்கள் விதித்து வந்த தடைகளையும் சபை செல்லாதவையாக்கிற்று. சிறு காரியம்தான், எனினும் சூரியன் இலவசமாகத் தருவதற்கு மின்யந்திரம் எதற்கு என்ற அக்காலத்து மனப்போக்கை அது நன்கு காட்டுகிறது.

சில வருடங்களில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறவர்கள் ஊருக்கு நிரந்தர விதி வகுப்பதா என்னும் ஆக்ஷேபம் அற்பமானதன்று. ஆயினும், வீட்டைக் கட்டுகிறவர் மின்கட்டணம் செலுத்துவதில்லை, வாடகை வாங்குகிறவர் அவ்வறையில் உறங்குவதில்லை. சுவரின் குறையை உடலால் அறிகிறவன் குடியிருப்பவனே. மனையின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவனுக்கு ஆதாயமில்லை என்பதும் இவ்விஷயத்தில் அவனது சாட்சியத்துக்கு வலிமையே சேர்க்கிறது.

ஆக்ஷேபத்தின் உண்மையான கூர்மை வேறிடத்தில் உள்ளது. விதிக்கு நிலைபேறு உண்டு. அதை இயற்றுவித்த தலைமுறைக்கோ பட்டம் பெற்றதும் பிரயாணம், அன்றேல் அவ்வூரிலேயே வீட்டுக்காரர் பதவி. ஊரைச் சூழ்ந்த விளைநிலத்தைக் கட்டடமாக்க வேண்டுமாயின் பொதுமக்களின் வாக்கெடுப்பு அவசியம் என்று 2000-இல் டேவிஸ் மக்கள் தீர்மானித்தனர். நிலத்தைக் காக்கும் நோக்கம் போற்றத்தக்கதே. ஆனால் இனி வரப்போகும் மாணவனுக்கு அவ்வாக்கெடுப்பில் வாக்கில்லை. சர்வகலாசாலையை ஒட்டிய நிஷி நிலத்தில் குடியிருப்புகள் எழுப்பும் யோசனை 2016-இல் அத்தகைய வாக்கெடுப்பில் தோற்றது. மாணவர் விடுதிகளையே பிரதானமாக்கித் திருத்திய பின்பு, 2018-இல்தான் ஊரார் அதற்கு இசைந்தனர்.