புர்போன் மலையில் ஓர் ஓட்டம்

பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் புவியியல் ஆசிரியர் வரைபடத்தில் பிரம்பை வைத்து, "லா ரெயூனியோன், பித்தோன் தே நேழ், 3,069 மீட்டர்" என்பார். நாங்களும் கூடவே ஒப்பிப்போம். அந்தத் தீவுக்குப் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகப் போனதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் தாத்தாவின் தம்பி வீராசாமி, காரைக்காலில் கப்பலேறி 'புர்போன்' போனவர், திரும்பவில்லை.

சென்ற அக்டோபரில், அங்கே வேலையிலிருக்கும் என் தங்கை மகன் 'தியாகொனால் தெ ஃபூ' ஓடினான். பைத்தியக்காரர்களின் குறுக்குக்கோடு என்று பொருள், பொருத்தமான பெயர்தான். 1989இல் தொடங்கிய ஓட்டம். தெற்கே சேன் பியேரிலிருந்து வடக்கே சேன் தெனி வரை சுமார் 165 கிலோமீட்டர். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர். 66 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் மஃபாத் என்ற மலை சூழ்ந்த பள்ளம். இன்றும் அங்கே வண்டிப்பாதை கிடையாது, சரக்கு ஹெலிகாப்டரில் வருகிறது. தோட்ட முதலாளிகளிடமிருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த இடம் அது. அவர்களும் அந்தச் சரிவுகளில்தான் ஓடினார்கள், பின்னால் துப்பாக்கியோடு ஆள் வர.

1848 டிசம்பர் 20இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டுமே! 1860இல் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டு நம்மவர்களை ஏற்றினார்கள். 1882இல் ஆங்கிலேய அரசே அதை நிறுத்திவிட்டது.

ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் 'ஆங்கிலேயர் பாதை' வருகிறது. கருங்கல் பாவிய பழைய வழி. களைத்த காலுக்கு ஒவ்வொரு கல்லும் எமன் என்றான். அது இறங்கும் இடம் கிரான்ட் ஷலூப். கப்பலில் வந்தவர்களை, தொற்றுநோய் இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைத்த 'லசாரே' அங்கேதான் இருக்கிறது. 1810இல் அந்தத் தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலப் படையிலும் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். ஆக, நம்மூர்க் கால்களுக்கு அந்தத் தீவு புதிதல்ல.

அங்கிருந்து மூச்சு வாங்கப் போன் செய்தான்.

"மாமா, இங்கதான் எறக்கியிருப்பாங்க. அவரோட அப்பா பேரு என்ன?"

தெரியவில்லை. பாட்டியிடம் நான் கேட்டதேயில்லை. வீராசாமி என்ற பேர் பதிவேட்டில் எத்தனை இருக்கும்! தகப்பன் பேரில்லாமல் ஆளைப் பிடிக்க முடியாது என்று, அலுவலகத்தில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான்.

"சரி, ஓடு. நேரமாகுது" என்றேன்.