வாசல் பூனையும் வேலியோரப் பறவைகளும்

தோட்ட லயங்களில் பூனை வளர்ப்பதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை. அரிசி மூட்டையைத் தேடி எலி வரும். எலிக்குப் பூனை வேண்டும். மீன் தலையும் மிச்சச் சோறும் கிடைக்கும் வீட்டில் அது தங்கிக்கொள்ளும். தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்த பிறகும் பலரிடம் அந்தப் பழக்கம் மாறவில்லை. இரவில் கதவைத் திறந்து பூனையை வெளியே விடுகிறார்கள், காலையில் அது திரும்பி வருகிறது. இடையில் எதைப் பிடித்தது என்பது வீட்டாருக்குத் தெரியாது.

பூனை பசிக்காக மட்டும் வேட்டையாடுவதில்லை. வயிறு நிறையத் தின்ற பூனையும் அசைவதைக் கண்டால் பாயும். மூன்று வேளையும் சோறு போடுவதால் எங்கள் பூனை குருவியைத் தொடாது என்று சொல்வது தவறு.

மாட்டிக்கொள்பவை பெரும்பாலும் வீட்டை ஒட்டி வாழும் பறவைகள்தான். மலாய்க்காரர்கள் ‘மெர்பா’ என்று சொல்லும் கொண்டைக்குருவி, ஐந்தடி உயரப் பூந்தொட்டியில்கூடக் கூடு கட்டும். தேன்சிட்டு துணிக்கொடியிலும் மின்கம்பியிலும் பை போலக் கூட்டைத் தொங்கவிடும். ‘முராய்’ எனப்படும் குண்டுக்கரிச்சானின் குஞ்சு, சரியாகப் பறக்கப் பழகும் முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். சில நாள் புதரடியில் தத்தித் திரியும். தாய்ப்பறவை அங்கேயே இரை கொண்டுவந்து ஊட்டும். பூனைக்கு அந்தச் சில நாளே போதும்.

தரையில் குஞ்சைக் கண்டால்

இறகு முளைத்த குஞ்சென்றால் வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தேவையில்லை. பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு, பூனையை இரண்டு மூன்று நாள் உள்ளே அடைத்தால் போதும். இறகில்லாத குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

பூனை கவ்விய பறவையின் நிலை வேறு. வெளியே காயம் தெரியாது, நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் பூனையின் வாயிலுள்ள கிருமி பல் பட்ட இடத்தில் புகுந்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றுவதும் பாலில் ரொட்டி நனைத்துக் கொடுப்பதும் கூடாது. மலேசியாவில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கும், சிங்கப்பூரில் ஏக்கர்ஸ் அமைப்புக்கும் தகவல் சொல்லலாம்.

பழியெல்லாம் பூனை மேல் போடுவதும் நியாயமில்லை. பாட்டுக்காகப் பிடித்துக் கூண்டில் அடைத்ததால்தான் சிங்கப்பூரில் முராய் பெருமளவு குறைந்து, 1980களில் மீண்டும் கொண்டுவந்து விடவேண்டியிருந்தது. ‘பாராவ் பாராவ்’ எனப்படும் பெரிய கொண்டைக்குருவி இன்று உலகிலேயே அருகிவரும் பறவைகளுள் ஒன்று. அதற்குப் பாதுகாப்பான இடங்களில் புலாவ் உபின் முக்கியமானது.

ஆந்தையும் காக்கையும்

ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று கல்லெறிந்த காலம் முழுதாகப் போய்விடவில்லை. செம்பனைத் தோட்டங்களிலோ அதே ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். செம்பனைக் குலையைக் கடித்து நாசமாக்கும் எலியைப் பிடிக்க, 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று என்ற கணக்கில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைப்பார்கள். கூகை ஆந்தை அதில் முட்டையிட்டு, இரவெல்லாம் எலி பிடிக்கும். கடுமையான எலி மருந்தை வைத்தால் கணக்கு தலைகீழாகிவிடும்: மருந்து தின்ற எலியைத் தின்னும் ஆந்தைக்கும் உள்ளுக்குள் இரத்தம் கசியும். லயத்துப் பூனைக்கும் அதே கதிதான்.

கிள்ளான் வட்டாரத்துக் காக்கையின் கதை இன்னும் வேடிக்கை. காப்பித் தோட்டங்களின் கம்பளிப்புழுவைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவை அது. காப்பி போய்விட்டது, காக்கை பெருகிவிட்டது. பின்னர் நகராட்சிகள் அதைச் சுட்டுக் குறைக்க வேண்டியதாயிற்று. அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைப்பவர்கள் சிங்கப்பூரில் கவனமாக இருக்க வேண்டும். 2020 முதல் அங்கே அனுமதியின்றிக் காட்டுப் பறவைகளுக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரையும், மறுமுறை 10,000 வெள்ளி வரையும் அபராதம்.

குட்டியைச் சந்தையில் விடுவது

பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினையாகும். ஒன்பது வாரத்தில் ஈனும்; ஒரு தடவைக்கு மூன்று நான்கு குட்டிகள், ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை. வீட்டில் வைத்திருக்க முடியாமல் பாசாரிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருபவர்கள், யாராவது சோறு போடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். அவற்றில் பல வண்டியில் அடிபட்டே சாகும். பிழைத்தவை குருவி பிடித்துத் தின்னும். கருத்தடை அறுவை சிகிச்சை ஒன்றே இதற்கு வழி. காது நுனி வெட்டப்பட்ட தெருப்பூனை ஏற்கெனவே கருத்தடை செய்யப்பட்டது என்று பொருள். அதை மறுபடி பிடிக்க வேண்டாம்.

தொல்லை பொறுக்காமல் வெந்நீர் ஊற்றுவதும் விஷம் வைப்பதும் குற்றம். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, கொடுமை செய்பவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

சிங்கப்பூரில் 1989 முதல் வீவக வீடுகளில் பூனைக்குத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி அது நீங்கியது. ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம். உரிமமும் நுண்சில்லும் கட்டாயம். உரிமம் எடுக்க 2026 ஆகஸ்டு 31 வரை அவகாசம் தரப்பட்டது. பூனை நழுவாதபடி சன்னலுக்கு வலை போடுவதும் வளர்ப்பவர் பொறுப்பு. தாமான் தரைவீடுகளுக்கும் அதே வலை உதவும். அது முடியாதவர்கள், பறவைகள் இரை தேடி இறங்கும் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலுமாவது பூனையை வீட்டுக்குள் வைத்திருக்கலாம்.