ரஸ்ஸல், பால் ஃபார் (1894–1983)

அமெரிக்க மலேரியா ஆய்வாளர். ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டு உடல்நலப் பிரிவில் சேர்ந்து, பிலிப்பைன்ஸில் பணியாற்றிவிட்டு 1930-களின் நடுவில் சென்னை மாகாணத்துக்கு வந்தார். கொள்கை வகுப்பாளராகவே உலகம் அவரை அறியும். ஆனால் அவருடைய ஆய்வுகளில் நுட்பமானவை தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டை தாலுகாவில் நடந்தவை.

1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததும், கல்லணைக் கால்வாய் வழியே காவிரித் தண்ணீர் அந்தத் தாலுகாவுக்குப் பாய்ந்தது. மானாவாரி நிலம் நெல்வயலாயிற்று. கூடவே குளிர்காய்ச்சலும் பரவியது. பாசனத்துக்குத் திட்டமிட்டவர்கள் வடிகாலைப் போதிய அளவு எண்ணிப்பார்க்காததால் மனிதனே வரவழைத்துக்கொண்ட நோய் இது என்பது ரஸ்ஸலின் முடிவு. காய்ச்சலால் குடும்பங்கள் இழந்த கூலியையும் மருந்துச் செலவையும்கூட அவருடைய குழு ஊர் ஊராகக் கணக்கெடுத்தது.

நோயைப் பரப்பியது அனோஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்னும் கொசு. நடவு முடிந்த வயலில் நிறையக் காணப்படும் இதன் புழு, பயிர் ஓர் அடி உயர்ந்ததும் மறைந்துவிடும். நிழல்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். ரஸ்ஸலும் சக ஆய்வாளர் டி. ராமச்சந்திர ராவும் நிழல் தராத மெல்லிய குச்சிகளை நீரில் நெருக்கமாக நட்டுப் பார்த்தனர். அப்போதும் முட்டைகள் குறைந்தன. பெண்கொசு நீருக்குச் சற்று மேலே ஆடியாடிப் பறந்துகொண்டே முட்டையிடுகிறது. பறக்கும் வழியை மறித்தால் வேறிடம் தேடிப் போய்விடுகிறது. வீடுகளில் வாரந்தோறும் பைரெத்ரம் என்னும் பூச்சிக்கொல்லியை அடித்து, குறைந்த செலவில் காய்ச்சலைக் குறைக்க முடியும் என்பதையும் இக்குழு காட்டியது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் மலேரியா தடுப்புப் பணியில் ரஸ்ஸல் ஈடுபட்டார். பசிபிக் போர்முனையில், எதிரியைவிட மலேரியாவே தம் படைப்பிரிவுகளை முடக்குவதாகத் தளபதி மக்ஆர்தர் அவரிடம் முறையிட்டிருக்கிறார். பின்னர் இத்தாலியில் டி.டி.டி. பூச்சிக்கொல்லி செய்த வேலையைக் கண்டார். அதன் பிறகு அவர் பார்வை மாறியது.

போருக்குப்பின் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவில் பணியாற்றினார். கிரேக்கத்தில் கொசுக்கள் டி.டி.டி.க்கு மசியாமல் போகத் தொடங்கியிருந்தன. எதிர்ப்புத்திறன் எங்கும் பரவுமுன் ஒரேயடியாக நோயை ஒழித்துவிட வேண்டும் என்பது அவரும் சக வல்லுநர்களும் முன்வைத்த வாதம். 1955-இல் மெக்சிகோவில் கூடிய உலகச் சுகாதாரப் பேரவை அதை ஏற்றது. அதே ஆண்டு வெளியான ரஸ்ஸலின் நூல், மலேரியா மனிதனின் பிடிக்குள் வந்துவிட்டதைத் தலைப்பிலேயே அறிவித்தது. அமெரிக்க அரசு இந்த உலகளாவிய ஒழிப்புத் திட்டத்துக்குப் பெருந்தொகை வழங்கியதில் அவர் எழுதிய அறிக்கைக்கு முக்கியப் பங்குண்டு.

வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பயிரின் உயரம்வரை ஊர்நிலவரத்தை அளந்தவர், கண்டம் கண்டமாக ஒரே மருந்தை நம்பச் சொன்னது வியப்புக்குரியது. இந்தியாவில் 1965-இல் ஏறக்குறைய ஒரு லட்சமாக இறங்கிய நோயாளிகள் எண்ணிக்கை, 1976-இல் 64 லட்சமாக ஏறியது. குறித்த காலத்துக்குள் எங்கும் நோயை ஒழிப்பது என்ற திட்டத்தை உலகச் சுகாதார நிறுவனம் 1969-லேயே கைவிட்டிருந்தது.